வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும்

ஜனவரி 3

ஆல்பர்ட்டுக்கு மின்வாரிய யூனியனில் கொடுத்த டைரி. வழக்கமாக இது பால் பாக்கெட், கேஸ் சிலிண்டர் என்று கிறுக்கியே தீர்ந்துபோகும். இந்த வருடம் நான் எடுத்துக்கொண்டேன். பள்ளி வேதியியல் கூடத்தில் பல வருடம் லேப் அசிஸ்டென்டாக இருந்தவள் நான். குறித்து வைக்காத சோதனை சோதனையே இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

சோதனை, சைக்லமென் விதை. கிறிஸ்துமஸுக்கு ஷெரின் வாங்கித் தந்தாள். "வீட்லயே இருக்கியேம்மா, உனக்குப் பொழுது போகும்" என்றாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, தன் கைக்காசில் வாங்கியிருக்கிறாள். சின்னச் சின்ன மிளகு போல, பழுப்பாக, ஒழுங்கில்லாத உருண்டைகள்.

குன்னூரில் இந்தப் பூவைத் தெரியாதவர்கள் கிடையாது. காற்று எதிரே அடித்ததுபோல இதழெல்லாம் பின்னால் மடிந்து நிற்கும். இலையில் வெள்ளி பூசினாற்போல் கோலம். பக்கத்து வீட்டு ராதாமணி அக்காவுக்கு மட்டும் அது "சைக்கிள்மேன் பூ". எல்லோரும் நர்சரியில் பூத்த தொட்டியாகத்தான் வாங்குவார்கள். விதை போட்டு வளர்த்தால் பூக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகுமாம். அதைப் படித்ததும் எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

இளஞ்சூடான தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 4

மக்கிய இலை, தென்னை நார்த்தூள், ஆற்று மணல் மூன்றையும் கலந்து, பூஞ்சை வராமல் இருக்கக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி ஆறவைத்தேன். ஆல்பர்ட் வாங்கி வந்த விதைத்தட்டில் நிரப்பி, விதைகளை வைத்து, நகக்கண் அளவுக்கு மேலே மண் தூவினேன். இது இருட்டில் முளைக்கிற ஜாதி. ஒரு கீற்று வெளிச்சம்கூடப் படக்கூடாது. சூடும் ஆகாது. சாமான் அறை அலமாரியில், அரிசி டிரம்முக்கு மேல் தட்டில் வைத்துக் கறுப்புத் துணி போட்டு மூடினேன். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். பதினாறு டிகிரி.

ஆல்பர்ட் சர்ச்சுக்குக் கிளம்பி நின்றார். "நீயும் வாயேன் மேபல். புது வருஷத்து முதல் ஞாயிறு."

"இப்பத்தான் விதை போட்டிருக்கேன். சூடு ஏறுதா இறங்குதான்னு பாக்கணும். வீட்ல ஒரு ஆள் இருக்கணும்ல?"

அவர் பைபிளை எடுத்துக்கொண்டார். ஷெரினும் அவரும் போனார்கள். நான் மூன்று தடவை தெர்மாமீட்டரைப் பார்த்தேன். அதே பதினாறு.

ஜனவரி 11

ஆராதனை முடிந்து சர்ச் ஐயரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். டீயும் வர்க்கியும் கொடுத்தேன். ஐயர் ஜெபம் செய்தார். "ஆண்டவரே, போன நவம்பர் மாசம் அந்த மலைப்பாதையில பாறை உருண்டு பஸ் மேல விழுந்தப்போ, இந்தச் சகோதரி மேல ஒரு கீறல்கூட விழாம காப்பாத்தினீரே, உமக்கு ஸ்தோத்திரம்."

நான் கண்ணைத் திறந்து சாமான் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருக்களித்துத் திறந்திருந்தது. வெளிச்சம் போயிருக்குமோ என்று கவலை.

"அடுத்த வாரம் கண்டிப்பா வரணும், சிஸ்டர்."

விதையைப் பற்றிச் சொன்னேன்.

"விதை எங்க சிஸ்டர் ஓடிடப் போகுது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஷெரின் மட்டும் சிரிக்கவில்லை. பரீட்சை நெருங்குகிறது, அந்த யோசனையாக இருக்கும்.

ஜனவரி 29

முளைக்கவில்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட ஆகலாமாம். மண் ஈரமாக இருக்கிறது.

ஹெட்மிஸ்ட்ரஸ் போன் செய்தார். என் லீவு இந்த மாதத்தோடு முடிகிறது. வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவசரப்படாதே, யோசித்துச் சொல் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? பள்ளிக்கூடம் சரிவிறங்கினால் வந்துவிடும், பக்கம்தான். ஆனால் காலையில் போனால் சாயங்காலம் ஆகிவிடும்.

ராத்திரி சாப்பிடும்போது ஆல்பர்ட்டிடம் சொன்னேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீங்க வேண்டாம்னா சொல்லியிருப்பீங்க?"

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன், மேபல்."

அதற்குப் பிறகு அவர் ரசம் கேட்டார், ஊற்றினேன்.

பிப்ரவரி 17

முளைத்துவிட்டது!

துணியை எடுத்துப் பார்த்தால் மண்ணுக்கு மேல் சிவப்பாக ஒரு வளைவு, தையல் ஊசி நுனி அளவுக்கு. சைக்லமென் மற்றச் செடிகள்போல உடனே இலை விடாது. முதலில் மண்ணுக்குள் ஒரு குட்டிக் கிழங்கைக் கட்டிக்கொள்ளும். அது முடிந்த பிறகுதான் மடங்கின இலையை மேலே அனுப்பும்.

ஷெரினை இழுத்து வந்து காட்டினேன். "செம்ம அம்மா" என்றாள். பிறகு, "நாளைக்கு ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங்" என்றாள்.

"அப்பா வருவாரு."

"தெரியும். சும்மா சொன்னேன்."

பிப்ரவரி 26

பதினாறு முளை. வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது.

அந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் எங்கள் கேட், அதைத் தாண்டி ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இடுப்புயரக் கைப்பிடிச் சுவர், அதற்குப் பின்னால் சரிவும் தேயிலையும் தெரியும். காய்கறிக்காரர் இப்போது கேட்டுக்கே வந்து பையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். எவ்வளவு சௌகரியம். முன்பு மார்க்கெட்டுக்கு நடந்து எவ்வளவு நேரம் வீணாக்கினேன்!

மார்ச் 9

இன்று வேதியியல் பரீட்சை. முடிந்து வெளியே வந்ததும் ஷெரின் மயங்கி விழுந்துவிட்டாள். காலையில் சாப்பிடாமல் போனது, பயம், எல்லாம் சேர்ந்து. பள்ளியிலிருந்து போன் வந்தது, யாராவது வந்து கூட்டிப் போங்கள் என்று. ஆல்பர்ட் கோத்தகிரி பக்கம் லைன் வேலையில் இருந்தார், போன் போகவில்லை.

நான்தான் போயிருப்பேன். ஆனால் அந்த நேரம் பார்த்து வெயில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது, நாற்றெல்லாம் அப்போதுதான் முதல் இலை விரிக்கிறது. ஆள் இல்லாமல் விட முடியாது. மதில் மேல் எட்டி ராதாமணி அக்காவைக் கூப்பிட்டேன். பாவம், தையல் மெஷினில் பாதித் துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள்.

ஷெரின் அக்கா தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். குளுக்கோஸ் கலந்து கொடுத்தேன்.

"புள்ள வழியெல்லாம் ஒரு வார்த்த பேசல கண்ணு," என்றார் அக்கா. களைப்பாக இருந்திருக்கும்.

மார்ச் 10

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது. கேட் வரை போனேன். கொக்கியில் கை வைத்தேன். நேற்று இதை எழுதவில்லை.

ஏப்ரல் 5

ஈஸ்டர். விடியற்கால ஆராதனைக்கு இருவரும் போய்விட்டார்கள்.

நாற்றில் ஐந்து போய்விட்டது. நேற்றுவரை நன்றாக நின்றவை இன்று தண்டு அடியில் கறுத்து, நூல்போல இளைத்துப் படுத்துக் கிடக்கின்றன. தண்ணீர் அதிகமானால் இப்படி ஆகும். எனக்குத் தெரியாததா? ஆனாலும் போகும்போதும் வரும்போதும் ஒரு கை தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்கு வேறென்ன வேலை!

ராதாமணி அக்கா முட்டைக் கேக் வாங்கிப் போக வந்தவர், நான் அழுவதைப் பார்த்துவிட்டார்.

"அஞ்சு செடிக்கா கண்ணு இப்படி அழுவுற?"

"ஆமாக்கா."

அவர் கேக்கை வாங்கிக்கொண்டார். "ஆசுபத்திரிக்கு ஒருக்கா போயி யார்கிட்டயாச்சும் பேசிப் பாக்கறதுதானே? எங்க நங்கையா, ஊட்டுக்காரரோட அக்கா, தூக்கமில்லாம கெடந்தப்ப கோயம்புத்தூருல ஒரு டாக்டரு பேசியே சரி பண்ணாரு."

கோயம்புத்தூருக்கு மலை இறங்கித்தான் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? எனக்கு நோய் ஒன்றும் இல்லை, தண்ணீர் அதிகம் விட்டுவிட்டேன், அவ்வளவுதான் என்றேன்.

மே 8

ரிசல்ட். ஷெரின் பள்ளியில் இரண்டாவது! கேசரி கிண்டினேன்.

என்ன படிக்கப் போகிறாய் என்று ஆல்பர்ட் கேட்டார். சின்ன வயதிலிருந்து பிசியோதெரபி என்று சொல்லிக்கொண்டிருந்தவள். "இங்கயே பி.காம் சேர்ந்துக்கறேம்பா. பக்கமா இருக்கும்" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். "அதுதான் புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு."

பொறுப்பான பெண். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை வீட்டை நினைக்கிறது? சந்தோஷத்தில் எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆல்பர்ட்டும் தூங்கவில்லை. எழுந்து போய் ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

மே 22

சீசன். சுற்றுலா வண்டிகள் ரோட்டை அடைத்து நிற்கின்றன. ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. தெருப்பக்க ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டேன். வீடு புழுங்குகிறது.

மீதி இருக்கும் பதினோரு நாற்றையும் சின்னத் தொட்டிகளுக்கு மாற்றினேன். கிழங்கு பட்டாணி அளவுக்கு வந்திருக்கிறது. அதை முழுக்க மண்ணுக்குள் புதைக்கக்கூடாது. உச்சி வெளியே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும். தொட்டிகளை எல்லாம் அதே தட்டில் அடுக்கிவிட்டேன், ஒரே தூக்காகத் தூக்கலாம்.

ஜூன் 12

ஜாஸ்மின் டீச்சர் வந்தார். வேதியியல் டீச்சர், என்னோடு ஒன்றாக வேலை பார்த்தவர், ஷெரினுக்கு வகுப்பாசிரியை. குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்:

"ஏன் மேபல், இப்படிப் பண்றீங்க? கோயம்புத்தூர்ல பிசியோதெரபிக்கு சீட்டு கெடச்சும் அனுப்ப மாட்டேங்கறீங்களாமே?"

எனக்குப் புரியவில்லை. எந்தச் சீட்டு என்றேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்த்து நிதானித்தார். ஷெரின் அவர் உதவியோடுதான் விண்ணப்பித்தாளாம். இடம் கிடைத்துவிட்டதாம். கிடைத்த பிறகு, "வேண்டாம் மிஸ், வீட்ல ஒரு ஆள் இருக்கணும்" என்று சொல்லிவிட்டாளாம். சேருவதற்கு ஜூலை பதிமூன்று வரை நேரம் இருக்கிறதாம். அன்று நேரில் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

நான் சொல்கிற வார்த்தை. அப்படியே அவள் சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் ஷெரினைக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான் போயிட்டா உனக்கு யாரும்மா கடைக்குப் போவா? அப்பாவுக்கு ராத்திரி டியூட்டி வந்தா நீ தனியா என்ன பண்ணுவ?" என்றாள்.

"எனக்கு என்னடி? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நல்லா இருக்கியா?"

"செடி இருக்குன்னுதான் நான் வெளிய..."

அந்த வார்த்தையை நான் முடிக்கவில்லை. அவள் எழுந்து போய்த் தட்டைத் தூக்கினாள். கேட்டைத் திறந்து, ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது.

"செடிதானே? அங்க இருக்கு. போய் எடுத்துட்டு வா."

மழை பிடித்துக்கொண்டது. நான் கேட் வரை போனேன். கேட் திறந்துதான் கிடந்தது. சுவர் மேல் தட்டு நனைவது தெரிந்தது. ஒரு தொட்டி சரிந்து அந்தப் பக்கம் விழுந்தது. இன்னொன்று. ரோட்டில் வண்டிகூட இல்லை. ஒரு பத்து அடி வைத்தால் போய்விடலாம்! என் கால் நகரவில்லை. சத்தியமாக நான் நகர்த்தப் பார்த்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, காதில் இரைச்சல், கேட்டுக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கத் தெரியவில்லை.

கடைசியில் ஷெரின்தான் ஓடிப்போய் எடுத்து வந்தாள். தட்டைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு, "சாரிம்மா, சாரிம்மா" என்று அழுதாள். என் பெண் என்னிடம் எதற்கு சாரி கேட்க வேண்டும்?

ஆறு தொட்டி மிஞ்சியது.

ஜூன் 14

எழுதிவிடுகிறேன். குறித்து வைக்காத சோதனை சோதனையே இல்லை.

நவம்பரில் ஷெரினுக்குக் கிறிஸ்துமஸ் துணி எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தேன். மழை. கல்லாறு தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சத்தம் கேட்டது, அவ்வளவுதான். டிரைவரும் அவருக்குப் பக்கத்தில் நின்றவரும் அங்கேயே போய்விட்டார்கள். என் மேல் ஒரு கீறலும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான்.

யாருக்கும் சொல்லாதது இது. பஸ் முன்சக்கரம் விளிம்பைத் தாண்டித் தொங்கியது. கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார், "யாரும் அசையாதீங்க! அசைஞ்சா போயிடும்!" நாங்கள் அசையவில்லை. முன்சீட்டில் ஒரு கைக்குழந்தை அழுதது. அதன் அம்மா அதைத் தூக்கக்கூட இல்லை. கயிறு கட்டி ஒவ்வொருவராக இறக்கும்வரை, கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டு, மூச்சைக்கூடச் சின்னச் சின்னதாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது "எந்திரிங்கம்மா" என்றார்கள். எனக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. இரண்டு பேர் தூக்கித்தான் இறக்கினார்கள்.

அந்தக் குரல் இன்னும் விடவில்லை. வீட்டுக்குள் இருந்தால் கேட்காது. கேட்டுக் கொக்கியில் கை வைத்தால் கேட்கிறது.

இதை ஆல்பர்ட்டிடம் படித்துக் காட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "நீயா வெளிய வருவேன்னு இருந்தேன், மேபல். கட்டாயப்படுத்தினா உடைஞ்சிடுவியோன்னு பயம். அப்புறம் எனக்கும் பழகிப்போச்சு" என்றார்.

ஜூன் 15

ஷெரினிடம் சொல்லிவிட்டேன். "நீ சேரப் போற. ஜூலை பதிமூணு. நானும் வர்றேன்." அவள் நம்பவில்லை. நானும்தான்.

ஜூன் 16

காலையில் கேட்டுக்கு வெளியே நின்றேன். ஆல்பர்ட் பக்கத்தில். உடனே உள்ளே வந்துவிட்டேன். வாந்தி.

ஜூன் 18

கைப்பிடிச் சுவரைத் தொட்டேன்.

ஜூன் 23

ராதாமணி அக்கா சொன்ன டாக்டரிடம் போனில் பேசினேன். நல்ல மாதிரி பேசுகிறார். பயம் வரும்போது ஓடாதீங்க, நின்னு பாருங்க, அது ஏறும், ஏறினது இறங்கும் என்றார். அவருக்கென்ன, சமவெளியில் உட்கார்ந்திருக்கிறார்.

ஜூலை 1

பள்ளிவரை நடந்தேன். வழியில் இரண்டு முறை நின்றேன். செருப்பு கடித்துவிட்டது. மாதக்கணக்கில் போடாத செருப்பு.

ஜூலை 9

பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம், நானும் ஆல்பர்ட்டும். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். "சும்மா உக்காந்துட்டு இறங்கிடறோம்" என்றார் இவர். கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட இப்படி யாரும் பார்த்ததில்லை. இருவரும் சிரித்துவிட்டோம். வண்டி உறுமியதும் இறங்கிவிட்டேன்.

ஜூலை 13, பர்லியாறு

பழக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும்.

காலையில் மூன்று பேரும் கிளம்புவதாக இருந்தது. விடிவதற்குள் காற்றில் மரம் சாய்ந்து லைன் அறுந்து, ஆல்பர்ட்டை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "நாளைக்குப் போலாம்னு சொல்ல முடியாதா?" என்றார் என்னிடம். முடியாது, இன்றுதான் கடைசி. "நாங்க ரெண்டு பேரும் போறோம்" என்றேன். என் வாய்தான் சொன்னது.

ஷெரின் ஜன்னலோரம், நான் இந்தப் பக்கம். வளைவுக்கு வளைவு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவள் கை சிவந்துவிட்டது. பாதி மலையில், பர்லியாற்றில், பஸ் டீக்கு நின்றது. நான் இறங்கினேன். டீ குடிக்கத்தான் இறங்கினேன். விசில் அடித்ததும் ஏற முடியவில்லை. படிக்கட்டில் ஒரு காலை வைத்தேன். இதற்குக் கீழேதான் அந்த இடம். "அசையாதீங்க" என்ற சத்தம் இத்தனை தெளிவாக இதுவரை கேட்டதில்லை.

ஷெரின் எழுந்தாள்.

"உக்காரு," என்றேன். "பெட்டியைப் பாத்துக்கோ. நீ போய்ச் சேரு."

"அம்மா, உன்னை இங்க விட்டுட்டா?"

"நான் இருந்துக்குவேன். போடி!"

கண்டக்டர், "அம்மா, ஏறுறீங்களா இல்லியா?" என்றார். இல்லை என்று கை காட்டினேன். பஸ் போனது. பின் கண்ணாடியில் அவள் முகம் திரும்பியே இருந்தது.

அதற்குப் பிறகு கீழே போகும் பஸ்கள் வந்தன, மேலே போகும் பஸ்கள் வந்தன. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பழக்கடை அம்மாள் பலாப்பழம் உரித்துக்கொண்டே கேட்டார், "எந்தப் பக்கம் போவோணும்?" தெரியவில்லை என்றேன். "அதெப்படிங்க தெரியாம இருக்கும்?" என்று ஒரு சுளையை நீட்டினார்.

இப்போதுதான் உறைக்கிறது. வீட்டுக்குத் திரும்புவதென்றாலும் மலைமேல் பஸ்தான். இங்கே என் வீடு இல்லை, சாமான் அறை இல்லை, கேட் இல்லை. எந்தப் பக்கமானாலும் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஆல்பர்ட் போன் செய்தார். ஷெரின் சொல்லியிருக்கிறாள். "வேலை முடியச் சாயங்காலம் ஆயிடும், அப்புறம் ஜீப் எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் இருப்பியா?" இருப்பேன் என்றேன். இருப்பதுதானே எனக்குத் தெரிந்த வேலை.

பிறகு ஷெரின் போன் செய்தாள். காலேஜ் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று நினைத்தேன். பின்னால் பஸ் ஸ்டாண்ட் சத்தம்.

"எங்கடி இருக்க?"

"மேட்டுப்பாளையம். இறங்கிட்டேன். பெட்டி மேல உக்காந்திருக்கேன்."

"ஏண்டி? மத்தியானத்துக்குள்ள போய்ச் சேரணும்டி!"

"உன்னை விட்டுட்டு எப்படிம்மா போறது?" அழுகிறாள். "நீ வீட்டுக்குப் போயிட்டேன்னு தெரிஞ்சாத்தான் எனக்குக் கால் நகரும்."

கால் நகரும். அவளுக்கும் அதே வியாதி. நான்தான் கொடுத்திருக்கிறேன்.

"அங்கயே இரு," என்றேன். "நான் வர்றேன்."

"எப்படி? அப்பா வந்துட்டாங்களா?"

பஸ் ஒன்று இறங்கி வருகிறது. மூடி வைக்கிறேன்.

ஜூலை 15

வீடு. முந்தாநாள் நடந்ததை எழுத வேண்டும்.

பழக்கடை அம்மாள்தான் பஸ்ஸை மறித்து, "இந்தம்மா ஏறும், கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னார். படியில் வைத்த கால் நடுங்கியது. நடுங்க நடுங்கவே மற்றக் காலையும் வைத்தேன். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த வளைவா, அடுத்த வளைவா என்று ஒவ்வொன்றுக்கும் செத்துப் பிழைத்தேன். ஒரு வளைவில் வாய்விட்டுக் கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். கல்லாறு வந்துவிட்டது. அந்த இடம் எது என்று எனக்குத் தெரியவே இல்லை. புதிதாகச் சுவர் கட்டியிருக்கிறார்கள், அதே மாதிரி எத்தனையோ சுவர்கள். இத்தனை மாதம் என்னைக் கட்டி வைத்த இடத்தை அடையாளம் தெரியாமலே தாண்டி வந்திருக்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் ஷெரின் என்னைப் பார்த்ததும் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். "பெட்டி, பெட்டி!" என்று நான் கத்தினேன். ஜீப் வேண்டாம் என்று ஆல்பர்ட்டுக்குப் போன் செய்தோம். காலேஜ் போய்ச் சேரும்போது கதவு சாத்தும் நேரம். சேர்த்துக்கொண்டார்கள். ஹாஸ்டலில் விருந்தினர் அறையில் ஒரு ராத்திரி தங்க விட்டார்கள். கொசு. அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கிப்போனாள், வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளையில் தூங்கியதுபோல.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு அவள்தான் என்னைக் கூட்டி வந்தாள். ஊட்டி பஸ்ஸில் இடம் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலும் எலுமிச்சம்பழமும் வாங்கிக் கொடுத்தாள். எனக்கு அப்போதே உள்ளங்கை நனைந்துவிட்டது. மறைக்கவில்லை, அவளிடம் காட்டினேன். அவள் தன் துப்பட்டாவில் துடைத்துவிட்டாள்.

வண்டி உறுமியது. அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று என் விரலைப் பிடித்திருந்தாள்.

"ரொம்ப பயமா இருந்தா நடுவுல இறங்கிடும்மா. நான் அப்பாவ அனுப்பறேன்."

"இறங்கினா மறுபடியும் ஏறணுமே," என்றேன். "விடு கையை."